வேலிக்கு இந்தப் பக்கம் ரசிகர்: யாழ்ப்பாணத்தில் கலைஞருக்கும் சனத்துக்கும் இடையிலான உறவு எப்படி மாறியது?

2024 பெப்ரவரி 9ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் முற்றவெளித் திடலில் பாடகர் ஹரிகரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. பின்னால் நின்று பார்க்க இலவசம், மேடைக்குக் கிட்டக் கதிரையில் இருந்து பார்க்க ரிக்கெற். பின்னால் நின்ற சனம் தடுப்பு வேலிகளைத் தாண்டி முன்னே வந்தது. நிகழ்ச்சி இடையில் நின்றது, பிறகு தொடர்ந்தது.

அடுத்த நாளே ஊர் இரண்டாகப் பிரிந்து பேசத் தொடங்கிவிட்டது. “எங்கட சனத்துக்கு ஒரு நிகழ்ச்சியை இருந்து பார்க்கிற ஒழுங்கு தெரியாது” என்றார்கள் ஒரு பக்கம். “ஏற்பாடு சரியில்லை, சனத்தைக் குறை சொல்லாதேங்கோ” என்றார்கள் மறு பக்கம். இன்றைக்கும் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டால் இதே பேச்சு திரும்ப வருகிறது. ‘முந்தி இப்படி இல்லை’ என்ற ஒரு வரியும் கூடவே வரும்.

முந்தி எப்படி இருந்தது என்று பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கலைஞரும் ரசிகரும் ஓர் உடன்பாட்டுக்குள்தான் சந்திக்கிறார்கள். அந்த உடன்பாட்டை யாரும் எழுதி வைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் கடந்த நூற்றுச் சொச்ச வருடத்துக்குள் அது பல தடவை மாறியிருக்கிறது. ஒன்று முழுதாகப் பழகுமுன் அடுத்தது வந்துவிட்டது. குழப்பத்தின் வேர் அதில் இருக்கிறது.

முதலில் சில சொற்கள்

*உபயம்:* கோயில் திருவிழாவில் ஒரு நாளுக்குரிய செலவை ஒரு குடும்பமோ, ஒரு தொழில் செய்பவர்களோ, ஒரு பகுதி மக்களோ ஏற்றுக்கொள்வது. அந்த நாளுக்குரியவர் உபயகாரர். பூசை, சாத்துப்படி, சோடனை, மேளம் எல்லாம் அவர் பொறுப்பு.

*மேளச்சமா:* திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி. இரண்டு கூட்டம், நாலு கூட்டம் மேளம் சேர்ந்து வாசிப்பதும் உண்டு.

*பார்வையாளர், ரசிகர்:* இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறோம். இந்தக் கட்டுரையில் பிரித்துக்கொள்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்கு வந்தவர் பார்வையாளர். அதே கலையை, அதே கலைஞரைத் தேடித் திரும்பத் திரும்ப வருபவர் ரசிகர். போன வருடம் வாசித்ததையும் இந்த வருடம் வாசித்ததையும் அவரால் ஒப்பிட முடியும்.

*ஒருதலை நெருக்கம்:* கலைஞரை ரசிகருக்கு வீட்டு மனிதர்போலத் தெரியும், கலைஞருக்கு அந்த ரசிகரைத் தெரியாது என்ற நிலை. வானொலி, சினிமா, கைத்தொலைபேசி மூன்றும் உண்டாக்கியது இது.

சரி, எந்தக் காலத்தை எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டால் உறவின் வடிவம் தெரிந்துவிடும்:

1. கலைஞருக்குக் காசு கொடுப்பவர் யார்? கேட்பவரா, வேறொருவரா?
2. கேட்பவர் எவ்வளவு கிட்ட இருக்கிறார்? அவருடைய முகம் கலைஞருக்குத் தெரிகிறதா?
3. இருவரும் எத்தனை தடவை சந்திக்கிறார்கள்?

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கோயில் வீதி: மூன்று பேர் கூடிய கணக்கு

யாழ்ப்பாணத்தின் பழைய கலை உறவு ரிக்கெற்றில் தொடங்கவில்லை, கோயில் வீதியில் தொடங்கியது. நல்லூரில் திருவிழா 25 நாள். மற்றக் கோயில்களில் 10, 12, 15 நாள் என்று நடக்கும். ஒரு கோயிலில் கொடி இறங்க இன்னொன்றில் ஏறும். இணுவிலிலும் அளவெட்டியிலும் பரம்பரை பரம்பரையாக மேளக் குடும்பங்கள் இருந்தன. தவிலில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி, நாதஸ்வரத்தில் அளவெட்டி என்.கே. பத்மநாதன் போன்றவர்கள் இந்த மண்ணில் வந்தவர்கள். தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல், 42 வயது நிறையுமுன்பே போய்விட்டார். அதற்குள் தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்து, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தவில்காரர்களே வாய் பிளந்து நிற்கும்படி செய்துவிட்டார்.

இப்படியொருவர் எங்கிருந்து வருகிறார்? கைத்திறமையும் பயிற்சியும் இருக்கத்தான் வேண்டும். அதோடு, கேட்கத் தெரிந்த ஒரு வீதியும் வேண்டும்.

அந்த வீதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நள்ளிரவு தாண்டியிருக்கும். சுவாமி வீதியுலாவில் ஓரிடத்தில் நிற்கிறது. மேளகாரரைச் சுற்றிச் சனம் வட்டமாக மணலில் இருக்கிறது. முன்வரிசைக்கும் தவிலுக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளிகூட இல்லை. நாதஸ்வரம் ராகத்தை முடித்து ஒதுங்க, தவில் தனியே தொடங்குகிறது. முன்னால் இருக்கும் வயதானவர் ஒருவர் தொடையில் தாளம் போடுகிறார். பகல் முழுக்கப் புகையிலைத் தோட்டத்தில் நின்ற கை அது. தாளக் கணக்கு நீண்டு, சிக்கலாகி, எங்கே வந்து விழப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில், கச்சான் கோது உடைக்கும் சத்தம்கூட நின்றுவிடுகிறது. தவில்காரரின் கண் அந்த வயதானவரின் கையில் இருக்கிறது. முடிப்புக் கோவையான தீர்மானம், தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழ, அந்தக் கையும் சரியாக அதே இடத்தில் விழுகிறது. வட்டம் முழுக்க ஒரு ‘ஆ’. தவில்காரர் சிரிக்கிறார்.

இங்கே காசு கொடுத்தவர் உபயகாரர். கேட்டவர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் உபயகாரரின் மதிப்பு, எத்தனை சனம் விடியும்வரை எழும்பாமல் இருந்தது என்பதில் தங்கியிருக்கிறது. அடுத்த வருடம் அதே கூட்டத்தைப் பிடிப்பாரா, வேறு மேளம் தேடுவாரா என்பதை அந்த மணலில் இருந்தவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். உபயகாரரின் காசை வீணாக்காமல் பார்க்கும் கணக்காளர் வேலையையும் இலவசமாகக் கேட்டவர்களே செய்தார்கள்.

ஒரு தோட்டக்காரருக்கு அந்தக் கணக்கு எப்படி விளங்கியது? யாரும் வகுப்பு வைக்கவில்லை. ஒரே வித்துவானை ஒரே வருடத்தில் நாலைந்து கோயிலில் கேட்கலாம். பத்து வயதில் தகப்பனின் மடியில் நித்திரை தூங்கித் தூங்கிக் கேட்டவர், நாற்பது வயதில் நூற்றுக்கணக்கான சமா கேட்டிருப்பார். திரும்பத் திரும்பக் கேட்டதில் வந்த அறிவு அது.

அந்த வட்டத்துக்குள் யார் இருந்தார்கள்?

பழைய காலத்தைப் புகழுமுன் இதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த வட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பேரால் கோயிலுக்குள் விடப்படாதவர்கள் இருந்தார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்காக 1968இல் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. வெளி வீதியில், தூரத்தில் நின்று கேட்டவர்களின் காதும் காதுதான். அவர்களுடைய ரசனை எந்த நினைவு மலரிலும் ஏறவில்லை.

கலைஞரின் நிலையும் சிக்கலானது. வாசிக்கும்போது தலையில் வைத்துக் கொண்டாடியவரை, வாசித்து முடித்தபின் வீட்டு விறாந்தையில் சமமாக இருத்தாத வழக்கம் இருந்தது. பெண் கலைஞருக்கு இதைவிட மோசம். ‘சின்னமேளம்’ என்று அழைக்கப்பட்ட சதிர் ஆட்டக்காரிகளைத் தமிழகத்திலிருந்து வருவித்துத் திருவிழாக்களில் ஆடவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் கோயில்களில் இந்த ஆட்டத்தைக் கண்டித்தார். பார்க்கக் கூட்டம் கூடியது, பழியும் அந்தப் பெண்கள்மேலேயே விழுந்தது. கிட்ட இருந்து பார்த்ததாலேயே மரியாதை வந்துவிடவில்லை.

ஆகவே ‘முந்தி எல்லாம் ஒழுங்காக இருந்தது’ என்று யாராவது சொன்னால், யாருக்கு ஒழுங்காக இருந்தது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

கொட்டகை வந்தது, ரிக்கெற் வந்தது

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை எடுத்துக்கொண்டு தமிழகக் குழுக்கள் கடல் தாண்டி வந்தன. மூடிய கொட்டகையில் ரிக்கெற்றுக்கு நாடகம் நடந்தது. ‘கொட்டகைக் கூத்து’, ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றெல்லாம் இங்கே பெயர் வைத்தார்கள். கேட்பவரே காசு கொடுப்பவராக மாறியது அப்போதுதான். காசு கொடுத்தவர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கத் தொடங்கினார். செத்துக் கிடக்கும் பாத்திரம்கூட எழும்பித் திரும்பப் பாடவேண்டியிருந்தது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ரசிகர் கூட்டம் உருவானது. கலையரசு க. சொர்ணலிங்கம் போன்றவர்கள் 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கி, தமிழக நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் வழியில் நாடகம் போட்டார்கள். ஆங்கிலம் படித்தவர்களும் உத்தியோகத்தரும் வந்து, அமைதியாக இருந்து, முடிந்தபின் கைதட்டிப் போகும் மேடை. ‘இருந்து பார்க்கிற ஒழுங்கு’ என்று இன்றைக்கு நாங்கள் சொல்வது இந்த மேடையின் ஒழுங்கு. கோயில் வீதிக்கும் கூத்துக்கும் வேறு ஒழுங்குகள் இருந்தன.

இரண்டையும் கடந்து நின்றவர் காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபா யாழ்ப்பாணத்துக் கிராமம் கிராமமாகப் போனது. அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை அவர் ஆடியிருக்கிறார். ஒரே நாடகம், ஒரே கதை, ஒரே முடிவு. சனம் ஏன் அலுக்காமல் வந்தது?

மயானத்தில் காவல் நிற்கும் அரிச்சந்திரன், செத்த பிள்ளையோடு வந்து நிற்பவள் தன் மனைவி என்று தெரியாமல், கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கும் இடம் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பார், எந்தச் சொல்லில் நின்று இழுப்பார், போன மாதம் பக்கத்து ஊரில் செய்த அதே இடத்தை மாற்றுவாரா என்று காத்திருந்தார்கள். கதை தெரிந்ததால்தான் கலை தெரிந்தது. பார்வையாளர் ரசிகராக மாறுவது இந்த இடத்தில்தான்.

வைரமுத்துவுக்கும் அது தெரிந்திருக்கும். முன்வரிசையில் இருப்பவருக்கு நாடகம் முழுவதும் தெரியும் என்றால் நடிகர் சோம்பல் படமுடியாது.

றேடியோவும் தியேட்டரும்: குரல் வந்தது, ஆள் வரவில்லை

கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியது. பிறகு தமிழ்ச் சேவை வளர்ந்து, வீட்டுக்கு வீடு றேடியோ வந்தது. நகரத்தில் வின்சர், ராஜா, ராணி, மனோகரா என்று தியேட்டர்கள் நிறைந்தன. இதன் விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம்:

1. தூரம் போய்விட்டது. வல்வெட்டித்துறையில் இருப்பவருக்கும் நெடுந்தீவில் இருப்பவருக்கும் ஒரே குரல் ஒரே நேரத்தில் கேட்டது. வீதியில் இடம் கிடைக்காதவருக்கும் காது திறந்தது. இது சின்ன நன்மை அல்ல.

2. கலைஞருக்கு ரசிகரின் முகம் தெரியாமல் போனது. ‘நேயர் விருப்பம்’ நிகழ்ச்சிக்குத் தபாலட்டை போட்டு, தன் பெயரை அறிவிப்பாளர் வாசிப்பதைக் கேட்கக் காத்திருந்த இளம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு உறவு அறிவிப்பாளரோடுதான் வந்தது. பாடியவர் எங்கேயோ இருந்தார்.

3. பாட்டு ஆளைவிட்டுப் பிரிந்தது. மயிலைக் கற்பகாம்பாள் மீதான ‘கற்பகவல்லி’ பாடலை ரி.எம். சௌந்தரராஜனின் குரலில் கேட்காத தமிழ் வீடு குறைவு. அதை எழுதியவர் இணுவில் என். வீரமணி ஐயர் என்பது இன்றும் பலருக்குப் புதுச் செய்தி.

4. நட்சத்திரம் என்ற ஒன்று பிறந்தது. திரையில் தெரிபவர் உங்களை ஒருபோதும் பார்க்கமாட்டார், நீங்களோ அவருக்காகச் சண்டை பிடிப்பீர்கள். மேலே சொன்ன ஒருதலை நெருக்கம் இதுதான்.

நாலாவதை நினைவில் வைத்திருங்கள். முற்றவெளிக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

யுத்தம் எடுத்தது இரவை

யுத்த காலத்தைப் பற்றிப் பேசும்போது எரிந்த கட்டடங்களையும் செத்தவர்களையும் எண்ணுகிறோம். எண்ண வேண்டும். கலை உறவில் அது செய்த ஒரு காரியம் மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. அது இரவை எடுத்துக்கொண்டது.

எங்கள் கலைகளில் பெரும்பகுதி இரவுக் கலை. காத்தவராயன் கூத்து விடியும்வரை போகும். மேளச்சமா நள்ளிரவுக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஊரடங்கு, சோதனைச் சாவடி, செல் அடி என்று வந்தபின் யார் இரவு பன்னிரண்டு மணிக்குக் கோயில் வீதியில் இருப்பது? கூத்து இரண்டு மூன்று மணித்தியாலமாகச் சுருங்கியது. சமா மாலைக்கு வந்தது. நீண்டு விரிந்து, மெல்ல மெல்ல ஏறிப்போகும் கலையைச் சுருக்கினால் முதலில் போவது கலைஞரின் தேடல். தெரிந்ததை வாசித்துவிட்டு இறங்குவார்.

அடுத்தது இடப்பெயர்வு. 1990க்குப் பிறகு காங்கேசன்துறை, மாவிட்டபுரம் உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் ஊர்கள் வெறுமையாயின. 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரம் உட்பட வலிகாமமே ஊரைவிட்டு எழும்பி நடந்தது. ஒரு மேளக்காரரின் ரசிகர் என்பது ஓர் ஊர். அந்த ஊர் மூன்று நாட்டிலும் ஐந்து முகாமிலும் சிதறினால், அவர் திரும்பி வந்து வாசிக்கும்போது முன்னால் இருப்பவர்கள் புதியவர்கள். தொடையில் தாளம் போட்ட கை ரொறன்ரோவில் இருக்கும்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறி ஊரூராகப் போனது. அதுவரை ரசிகர் கலைஞரைத் தேடிப் போனார், இப்போது நாடகம் சனத்தைத் தேடிப் போனது. மேடையில் நடந்தது பார்ப்பவரின் சொந்தக் கதை. பிள்ளையைத் தேடும் தாய்க்கு முன்னால், பிள்ளையைத் தேடும் தாயாக நடிப்பது லேசான வேலை இல்லை. அங்கே ‘நல்லாக நடித்தார்’ என்பதற்கு அர்த்தமே வேறு. அழுதவர்களையும் அழவைத்தவர்களையும் பிரிக்கமுடியாத ஒரு நெருக்கம் அது. யாழ்ப்பாண அரங்கின் மிக உயரமான காலங்களில் ஒன்று அதுவென்பது என் கணிப்பு. நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் இந்தக் கெட்ட வருடங்களில் மேடையைக் கைவிடவில்லை.

மின்சாரம் இல்லாத, பற்றரிக்குத் தடை இருந்த 90களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம் என்று அந்தத் தலைமுறை சொல்லும். ஒருவர் சுற்ற நாலு பேர் கேட்பார்கள், கை வலித்தால் ஆள் மாறும். ஒரு பாட்டுக்காக உடம்பால் விலை கொடுத்த ரசிகர்கள் அவர்கள்.

வெளிநாட்டுக் காசும் கைத்தொலைபேசியும்

2009இல் யுத்தம் முடிந்தபின் பாதை திறந்தது, காசும் வந்தது. இன்று பல கோயில்களில் உபயம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் பல மேளக் குடும்பங்களின் பிள்ளைகள் தவிலைத் தூக்கியிருக்கமாட்டார்கள். ஆனால் கணக்கு மாறுகிறது. உபயகாரர் சூரிச்சில் இருந்து நேரலையில் பார்க்கிறார். கமரா முதலில் அவருக்காக நிற்கிறது, மேளகாரரும் கமராவைப் பார்த்து வாசிக்கிறார். மணலில் இருக்கும் சனம் பின்னணியாகிவிட்டது. அடுத்த வருடம் எந்த மேளம் என்ற முடிவில் அவர்களுக்கு முன்பிருந்த செல்வாக்கு இல்லை.

சமாவில் சினிமாப் பாட்டுக் கேட்பதைப் பற்றிப் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த இளைஞர்களைத் திட்ட மனம் வரவில்லை. ராகம் கேட்டு வளரும் இரவுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தெரிந்ததைத்தான் கேட்பார்கள். நாதஸ்வரத்தில் அவர்களுக்குத் தெரிந்தது சினிமாப் பாட்டு.

யூரியூப்பில் மூன்று நிமிடத் தவில் துண்டுக்கு ஆயிரக்கணக்கான பார்வைகள் வரும். அந்த மூன்று நிமிடம் பெரும்பாலும் உச்சக்கட்டம்தான். ஒரு மணித்தியாலம் ஏறிப்போய் எட்டிய உச்சியை ஏறாமலே பார்க்கிறோம். இளம் தவில்காரருக்கும் அது விளங்கிவிட்டது. தொடக்கத்திலேயே வேகம் எடுக்கிறார்.

இனி முற்றவெளிக்கு

மேலே கேட்ட மூன்று கேள்விகளையும் அந்த இரவில் வைத்துப் பார்ப்போம்.

1. *காசு.* ஒரே திடலில் இரண்டு உடன்பாடுகள். முன்னால் கொட்டகை, பின்னால் திருவிழா. ரிக்கெற் வாங்கியவர் கொட்டகை ஒழுங்கை எதிர்பார்த்தார். இலவசமாக வந்தவர் கோயில் வீதிப் பழக்கத்தில் வந்தார். வீதியில் யார் முந்தி வந்தாரோ அவருக்கு முன்னிடம், காசு கொடுத்தவருக்கு என்று தனி வட்டம் கிடையாது. இரண்டு உடன்பாட்டையும் ஒரு தகர வேலி பிரித்தது.

2. *தூரம்.* வந்தவர்களுக்கு அந்தக் கலைஞரோடு இருந்தது ஒருதலை நெருக்கம். இருபது முப்பது வருடம் காதுக்குள் பாடியவர் முன்னூறு மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் கால் தானாக முன்னே போகும். வீட்டு மனிதரைப் பார்க்க வேலிக்கு வெளியே நிற்கப் பழகியவர்கள் இல்லை நாங்கள்.

3. *திரும்பச் சந்திப்பது.* இதில்தான் எல்லாம் இருக்கிறது. இது ஒரு தடவைதான் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குத் தவறவிட்டால் இனி எப்போது? அடுத்த வெள்ளியும் வரும் என்றால் யாரும் வேலியில் ஏறமாட்டார்கள். நல்லூர்த் தேருக்கு அத்தனை சனம் கூடியும் அது தன் ஒழுங்கில் போவதற்கு பக்தி ஒரு காரணம். வருடா வருடம் வரும், எங்கே நிற்கவேண்டும் என்று காலுக்கே தெரியும் என்பது இன்னொரு காரணம்.

இதைச் சொல்வதால் தடுப்பை உடைத்தது சரியென்று ஆகாது. அந்தத் திடலில் 1974 உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிரிழந்தவர்களின் நினைவுச் சின்னம் நிற்கிறது. தமிழ் கேட்க வந்த கூட்டத்தில் உயிர்கள் போன இடம் அது. அங்கே கூட்டத்தின் பாதுகாப்பை விளையாட்டாக எடுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை, ஏற்பாடு செய்பவருக்கும் இல்லை, வந்து நிற்பவருக்கும் இல்லை. ஆனால் ‘சனத்துக்கு ஒழுங்கு தெரியாது’ என்பது பிழையான முடிவு. அவர்களுக்கு ஓர் ஒழுங்கு தெரியும். அன்றைக்குக் கேட்கப்பட்டது வேறொன்று.

இதன் விளைவு யார் தலையில்?

ஹரிகரனுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு உலகம் முழுக்க மேடை இருக்கிறது. விளைவு ஊர்க் கலைஞர்மேல் விழுகிறது.

ஒருவர் ஐம்பது வருடம் இசை நாடகம் ஆடுகிறார். வருடத்துக்கு நாலைந்து மேடை கிடைக்கிறது. அறுபது வயது தாண்டினால் அரசாங்கத்தின் கலாபூஷணம் விருது கிடைக்கலாம். பொன்னாடை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம், நினைவு மலர் அச்சிடுகிறோம். அத்தனையும் மரியாதையோடு செய்யப்படுபவை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாற்பது வயதில், குரல் முழுசாக இருந்தபோது, மாதம் ஒரு தடவை இருநூறு பேர் முன்னால் இருந்திருந்தால் அவர் இன்னும் எத்தனை தூரம் போயிருப்பார் என்ற கேள்விக்குப் பொன்னாடையில் பதில் இல்லை. பொன்னாடை முடிந்த வேலைக்குக் கொடுப்பது. ரசிகர் கொடுப்பது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு.

இளையவருக்கு இன்னொரு சிக்கல். இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்திலிருந்து வருடா வருடம் பாட்டும் வாத்தியமும் நடனமும் படித்தவர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் பலரும் ஆசிரியர் வேலைக்குத்தான் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள், பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறார்கள், அரங்கேற்றம் நடக்கிறது. அரங்கேற்றத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர். சாப்பாடு முடிய எழும்பிப் போகிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை மேடை ஏறும்போது முன்னால் யார்? கலைஞரை உருவாக்க எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. ரசிகரை உருவாக்கும் வழியாகக் கோயில் வீதியும் விடிய விடிய நடந்த கூத்தும் இருந்தன, அவற்றின் இடத்தில் வேறொன்றை நாங்கள் வைக்கவில்லை.

இடம் இல்லை என்று இனிச் சொல்லமுடியாது. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு 11 மாடியில் கட்டி, 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையம் நிற்கிறது. 2025இல் அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஊர் முழுக்க விவாதித்தோம். உள்ளே 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு இருக்கிறது. பெயருக்கு எடுத்த அக்கறையில் பாதியை, அந்த 600 கதிரையில் மாதம் எத்தனை நாள் ஆள் இருக்கிறது என்பதில் எடுத்தாலே பெரிய காரியம்.

600கூட வேண்டாம். பள்ளிக்கூட மண்டபம், வாசிகசாலை முற்றம், கோயில் மடம் எதுவும் போதும். நூறு பேர், ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கும் தூரம், கட்டக்கூடிய சின்ன ரிக்கெற், ஒரே கலைஞர் தொடர்ந்து ஆறு மாதம். முதல் மாதம் இருபது பேர் வருவார்கள். மூன்றாம் மாதம், போன தடவை அந்த ராகத்தை ஏன் பாதியில் விட்டார் என்று வாசலில் ஒருவர் கேட்பார்.

எங்கள் ஊர் நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரங்களை எடுத்துப் பாருங்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், வரவேற்புரை, ஆசியுரை, நன்றியுரை எல்லாம் இருக்கும். கலைஞரின் பெயர் கீழே எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். ‘இதே கலைஞர், இதே இடம், அடுத்த மாதம்’ என்று ஒரு திகதி மட்டும் இருக்காது.